அக்கரைக் கோயிலின் அடக்கப் பதிவேடு

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பினவன் இல்லை நான். பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே தலை நரைத்தவன். எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என் கட்சி. சுடுகாட்டுப் பக்கம் யாரையோ பார்த்தேன் என்று எவனாவது ஆரம்பித்தால், "சாட்சி ரெண்டு பேரு யாருவே?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன், எனக்கும் சாட்சி கிடையாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் ஒரே மகள் உமா. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்க்கிற டேனியல் என்கிற பாளையங்கோட்டைப் பையனைத்தான் கட்டுவேன் என்று போன வருஷம் வந்து நின்றாள். நாங்கள் சேரன்மகாதேவிப் பூர்வீகம், சைவக் குடும்பம், நெற்றியில் திருநீறு இல்லாமல் காப்பி குடிக்காத வீடு. நான் குதித்தேன். "ஏட்டி, அவனக் கட்டுனேன்னா ஆத்துல போயி உனக்குத் தலைமுழுகிட்டு வந்துருவேன், பாத்துக்கோ" என்றேன். சும்மா வாய்வார்த்தை இல்லை அது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் மதம் மாறிப் போன பிள்ளைக்கு, அவன் உயிரோடு இருக்கும்போதே ஆற்றில் தலைமுழுகி, கருமாதியும் செய்து, செத்தான் என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் நிஜமாகவே செத்தாலும் யாரும் போக மாட்டார்கள். ஒருத்தனுக்கு ரெண்டு சாவு கிடையாது, பாருங்கள். உமா என் மகள் அல்லவா, "முழுகுங்கப்பா, ஆத்துல தண்ணி நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சத்தம் கேட்காமல் அழுதாள். எனக்குத் தெரியும், ஆனாலும் நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போது பையனின் அப்பா ஜெபராஜ் ஒருநாள் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ரிட்டயர்டு வாத்தியார், தங்கமான மனுஷன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை எப்படியாவது இளக்க வேண்டும் என்று அவர் ஒன்று சொன்னார்.

"அண்ணாச்சி, நாங்க ஒண்ணும் வேத்தாளு இல்ல. எங்க பூட்டனுக்குப் பூட்டன் ஞானமுத்துன்னு ஒருத்தரு, உங்க சேரன்மகாதேவிக்காரருதான். உங்க தெருவேதான்னு எங்க ஐயா சொல்லுவாவ. சங்கரலிங்கம் பிள்ளை மகன். அக்கரையில வெள்ளக்காரப் பாதிரியார் கையால ஞானஸ்நானம் வாங்குனவரு."

பாவம், நெருங்கி வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். என் பெயரும் சங்கரலிங்கம்தான். எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும். அந்த ஞானமுத்து எங்கள் சங்கரலிங்கத்தின் மகன் என்றால் ரெண்டு வீடும் ஆண்வழியில் ஒன்று, அதாவது பங்காளி. பங்காளி வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம், எத்தனை தலைமுறை ஆனாலும் அண்ணன் தங்கை முறைதான். வேதம் மாறினால் ரத்தம் மாறிவிடுமா? நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எழுத்துல இருக்கா?" என்று கேட்டேன். "அக்கரைக் கோயில் பதிவேட்டுல இருக்கும், எல்லாம் இங்கிலீசுலலா எழுதி வச்சிருக்காவ" என்றார் அவர், இன்னும் விஷயம் புரியாமல்.

உமாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் வாசல்படியில் நின்றாள். "சரிப்பா. பங்காளின்னு எழுத்துல இருந்தா நான் விட்டுருதேன். இல்லன்னா நீங்க முன்ன நின்னு நடத்தி வைக்கணும்" என்றாள். நான் சரி என்றேன். தேடப் போனது உண்மையைக் கண்டுபிடிக்க இல்லை, கல்யாணத்தை நிறுத்தத்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கோயில், அதாவது சர்ச், இருக்கிற ஊர்ப்பெயர் வேண்டாம். ஆற்றை ஒட்டிய சின்ன ஊர், கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதைத் தாண்டினால் ஆறு, எதிர்க்கரை எங்கள் பக்கம். சித்திரை மாதம், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஐயரிடம், பாதிரியாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், முதலிலேயே அனுமதி வாங்கியிருந்தேன். அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் செல்லையா கோயிலை ஒட்டிய அறையைத் திறந்து, இரும்புப் பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்க பையப் பாருங்க அண்ணாச்சி, நான் வாசல்ல இருக்கேன்" என்று படியில் காலை நீட்டிப் பேப்பர் வாசிக்க உட்கார்ந்துவிட்டார். அறைக்கு அந்த ஒரு வாசல்தான். ரெண்டு ஜன்னலுக்கும் கம்பி.

வெள்ளைக்காரப் பாதிரியாரின் கையெழுத்து கொடி ஓடின மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும். எனக்குப் பழைய பத்திரம் படித்த கண், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆள் கிடைத்தார். ஆறுமுகம், இனி ஞானமுத்து, வயது பத்தொன்பது, தகப்பன் சங்கரலிங்கம் பிள்ளை, தாய் வள்ளியம்மை, ஊர் சேரன்மகாதேவி, தெருவும் எங்கள் தெரு. எங்கள் வீட்டு மூலப்பத்திரத்தில் உள்ள அதே சங்கரலிங்கம், அதே வள்ளியம்மை. ஓரத்தில் பொடி எழுத்தில், 'இன்று இவன் வீட்டார் செத்தவனுக்குச் செய்வதுபோல ஆற்றில் முழுகினார்கள்' என்று பாதிரியார் எழுதியிருந்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆபீஸ் புத்தி விடவில்லை. எந்தச் சொத்தையும் கடைசிவரை வில்லங்கம் பார்க்காமல் மூட மாட்டேன் நான். ஆளைப் பிடித்தாயிற்று, முடிவையும் பார்த்துவிடலாமே என்று அடக்கப் பதிவேட்டைத் திறந்து, அதுதான் செத்தவர்களைப் புதைத்த கணக்கு, தாளைப் புரட்டிக்கொண்டே வந்தேன். வெளியே செல்லையா பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இங்கிலீசு வாசிப்பியளோ?"

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். என் வயது இருக்கும், மேலே சட்டை இல்லை, வேட்டி முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைவு, எதிர்க்கரையிலிருந்து நடந்தே வந்திருப்பார் என்று நினைத்தேன். யாராவது கேட்டால் பெருமையாகத்தானே இருக்கும், "வாசிப்பேன்" என்றேன்.

"அந்த வரிய வாசிச்சுச் சொல்லுங்க."

அவர் விரல் காட்டின இடத்தில் பார்க்கிறேன், ஞானமுத்து. நான் தேடிக்கொண்டிருந்த வரிதான். நான் கண்டுபிடிக்கும் முன்னால் அவர் விரல் அங்கே இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாசித்துத் தமிழில் சொன்னேன். வயது இருபத்திரண்டு, வாந்திபேதி, அன்று சாயங்காலமே அடக்கம், மனைவியும் கைக்குழந்தையும் உண்டு.

"அப்பன் பேரு போட்டிருக்காவளா?"

"போட்டிருக்கு. சங்கரலிங்கம் பிள்ளை."

தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "ஓரத்துல என்னமோ இருக்கே, அது என்ன?" என்று கேட்டார். ஓரத்தில் அதே பொடி எழுத்து. 'அடக்கம் முடியும்வரை தகப்பன் எதிர்க்கரையில் நின்றான். தண்ணீரில் இறங்கவில்லை.' இதையும் சொன்னேன்.

"எறங்கினேன்" என்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

"முழங்கால் மட்டும் எறங்கினேன். பாதிரித் துரை பெட்டிய எறக்கிக்கிட்டு இருந்தாவ, என்னையப் பாக்கல. கூடப்பிறந்தவனுவ என்னைப் பிடிச்சு இழுத்தானுவ. முழுகின பிறகு போகக்கூடாதுல்லா. ஆனா எறங்கினேன். அத மாத்தி எழுதுங்க."

நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது ஆபீஸ் பேச்சு. எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது, பயத்தில் அதுதான் வந்தது. "பதிவான புத்தகத்துல நான் கை வைக்கக்கூடாது. திருத்தம்னா சம்பந்தப்பட்டவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"ரேகை வைக்கலாம். இடது பெருவிரல்."

சொல்லிவிட்டு, என்ன கிறுக்கோ, மைப்பெட்டி இருக்கிறதா என்று பின்னால் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பினேன். மறுபடி திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

வாசலுக்கு ஓடினேன். செல்லையா அதே படியில் அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "யாரு போனது?" என்றேன். "யாரும் போகலியே அண்ணாச்சி. போனா என்னையத் தாண்டிலா போகணும்" என்றார். உள்ளே கூட்டிவந்து தரையைக் காட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நாலைந்து சொட்டுத் தண்ணீர் கிடந்தது. "உங்க பாட்டில் ஒழுகியிருக்கும்" என்று சொல்லிவிட்டார். இருக்கலாம், பாட்டில் மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த ஓரக்குறிப்புக்குப் பக்கத்தில் ஈரத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. சித்திரை வெயில், கண்முன்னாலேயே காய்ந்துகொண்டிருந்தது. அவசரமாகப் படம் எடுத்தேன். செல்லையா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிவதற்குள் தாள் பழையபடி சுத்தமாகிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் பத்தமடையில் இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். உமாவுக்கு நான் முழுகிவிடுகிறேன், நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் எந்தக் கரையில் போய் நிற்பேன்? யார் என்னைப் பிடித்து இழுப்பார்கள்? இதே நினைப்பு. பாழாய்ப்போன கௌரவம், அதற்காகப் பிள்ளையைத் தூக்கிப் போடவா? திருநெல்வேலி வருவதற்குள் ஞானஸ்நானப் பதிவேட்டின் படத்தை அழித்துவிட்டேன்.

உமா கேட்டிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவள் அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"இருக்காப்பா?"

"இல்லட்டி. எல்லாப் புத்தகமும் பாத்துட்டேன். அவங்க சொல்லுத சங்கரலிங்கம் வேற ஆளு. போ, போயிச் சாப்பிடு."

எழுத்தில் இருப்பதை இல்லை என்று நான் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. கோயிலுக்குள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். பங்காளி விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் வெளியே சொன்னாலும், அது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், மீதிக் கதையைச் சொன்னால் உங்களையும் நம்பமாட்டார்கள்.

இந்த ரேகைப் படத்தை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. வெறும் ஈரக்கறை, தாளின் நிழல், உங்கள் விரலேதான் என்றெல்லாம் நீங்கள் சொல்லலாம். நானும் என் விரலை வைத்துப் பார்த்துவிட்டேன், சேரவில்லை. ஆயிரக்கணக்கான பேரின் விரலை என் கையால் பிடித்து உருட்டியவன் நான். மண்வெட்டி பிடித்த விரலில் வரி தேய்ந்திருக்கும். நாள் முழுக்கத் துணி துவைக்கிறவர்கள் விரல் ஊறிச் சுருங்கி, ரேகைக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாக மடிப்பு விழும், ஈரம் காய்ந்தபிறகு வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த ரேகையில் அந்த மடிப்புத்தான் இருக்கிறது. மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்த கை அது. முழங்கால் மட்டும் இறங்கினேன் என்றுதான் அவர் சொன்னார். அதற்கப்புறம் எவ்வளவு தூரம் போனார் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.