சந்தனப் பொட்டும் கேமரா மெஷினும்

சந்தேகம் என் கூடப்பிறந்தது. கெலமங்கலம் சந்தையில் ஒரு கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. ஓசூரில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை கிடைத்ததே அதனால்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ட்யூப் லைட்டின் கீழ் உட்கார்ந்து, பல் பெயர்ந்த பீஸ்களைப் பொறுக்கிச் சிவப்பு டப்பாவில் போடுவோம், நாங்கள் நான்கு பெண்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜை முடிந்த கையோடு, பெங்களூர் இன்ஜினியர் ஒருவர் கேமரா வைத்த மெஷினைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். நல்ல பீஸ் இது, கெட்ட பீஸ் இது என்று காட்டிக்கொண்டே இருந்தால் அதுவாகவே கற்றுக்கொண்டு பிரித்துவிடுமாம். எங்கள் உதவிக்குத்தான் என்று சொல்லி மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. இது கற்றுக்கொண்டால் அப்புறம் எங்களுக்கு இங்கே என்ன வேலை?

காட்டும் வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். நல்லதற்குப் பூஜையில் வைத்த நல்ல பீஸ் தட்டுகளை எடுத்தேன். ஒவ்வொரு பீஸிலும் சந்தனப் பொட்டு இருந்தது; சாமிக்கு வைத்ததை நாங்கள் துடைப்பதில்லை. கெட்டதற்குச் சிவப்பு டப்பா.

லைன் ஓடத் தொடங்கியதும் மெஷின் எல்லாவற்றையும் கெட்டது என்று தள்ளியது. ஒரு பீஸ்கூடத் தேறவில்லை. மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வேணும்னே மாத்திக் காட்டினியாம்மா? உண்மையச் சொல்லிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை என்று கத்தினேன். கூட இருந்த மூவரும் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். உள்ளூர மெச்சியும் கொண்டார்கள். என்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு மாலைக்குள் கேன்டீன்வரை வந்துவிட்டது.

காப்பாற்றியவர் அந்த இன்ஜினியர்தான். நான் காட்டிய தட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், கொஞ்சம் சந்தனம் கேட்டு வாங்கி, பல் பெயர்ந்த பீஸ் ஒன்றில் பொட்டு வைத்துக் கேமராவுக்கு அடியில் நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"இதுக்குப் பல்லும் தெரியாது, ஒண்ணும் தெரியாது சார். நல்லதுல எல்லாம் பொட்டு இருந்துச்சு, கெட்டதுல இல்ல. அதையே பிடிச்சுக்கிச்சு. இந்தம்மா மேல தப்பில்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி. மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு புதுத் தட்டுகளை என் முன்னால் வைத்து, துடைத்து, பார்த்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். என்னை நம்பித்தான் இருப்பதாகவும் சொன்னார்.

இனி ஒரு பீஸ் மாறினாலும் அவர் சந்தேகப்பட்டது நிஜமாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பே இல்லாமல் காட்டினேன். மெஷின் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது.

தை பிறந்ததும் எங்கள் நால்வருக்கும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். என் சான்றிதழில் மட்டும் 'நம்பிக்கையானவர்' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது.