நகராத குழி

எங்கள் குடியிருப்பின் நடுவே, குடியிருப்போர் கிளப் நடத்தும் ஒரு சின்ன கோல்ஃப் மைதானம். கொல்கத்தாவின் பெஹாலா பகுதியிலிருந்து இங்கே குடிவந்த நாள் முதல் தினமும் காலையில் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் பந்து விழும் குழியை ஓரிடத்திலேயே விட்டால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும், அதனால் தோட்டவேலை பார்க்கும் மாலிகள் அடிக்கடி அதை மூடிவிட்டு வேறிடத்தில் வெட்டுவார்கள் என்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இப்போது இரண்டு மாதமாக ஒரு குழியும் நகரவில்லை. மாலிகளையும் காணோம்.

குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் புது நீரூற்றின் படத்தைக் காட்டினார். நான் எழுந்தேன்.

"மாலிக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை, நீரூற்று எதுக்கு?"

"யார் சொன்னது, பௌதி?" செயலாளர் என்னை அண்ணி முறை வைத்து அப்படித்தான் அழைப்பார். "கிளப் நிதி நல்லாத்தான் இருக்கு. நீங்க கோல்ஃபே ஆடறதில்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ குழி ஏன் நகரலை?"

"நாளைக்கே மாத்திடறோம்."

மாற்றினார்கள். மறுநாள் காலை, குழியைக் காட்ட நட்டிருக்கும் கொடிக்குக் கீழே கோணலாக ஒரு புதுக் குழி. இரண்டடி தள்ளிப் பழையது அப்படியே வாயைப் பிளந்து கிடந்தது. அதை மூடத் தெரிந்தவர் ஒருவர்கூட மிச்சமில்லை. படமெடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "ஆடத் தெரியாது. எண்ணத் தெரியும்."