மூன்றரை மார்க்

எங்கள் வீட்டுச் சுவருக்கு மூன்றரை மார்க் கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பக்கத்துத் தையல்காரர் வீட்டுக்கு இரண்டு. முனையிலிருந்த மளிகைக் கடைக்கு நான்கு. மழை பெய்தால் கடைக்குள்ளேயே குடை பிடிக்க வேண்டிய அந்தக் கட்டடத்துக்கு எப்படி நான்கு போட்டார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையை அகலப்படுத்துவதற்காக அளக்க வந்தவர்கள், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மீட்டர் இடிபடும் என்பதைச் சிவப்பு பெயிண்டில் எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த விவரமெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று பள்ளிவிட்டு வந்தபோது அம்மா போனில் பெரியம்மாவிடம், "ஊட்டுக்கு மார்க் போட்டுட்டுப் போய்ட்டாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மார்க் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் டீச்சரும் சிவப்பில்தான் போடுவார். அரை மார்க்கும் உண்டு.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அப்பா முதலில் அந்த மூன்றரையின் மேல்தான் சுண்ணாம்பைப் பூசினார். மூன்று தடவை பூசியும் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. குறைந்த மார்க் என்று வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்குப் பேப்பரை நானும் அப்படித்தான் ஒளிப்பேன். அப்பா மேல் பரிதாபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஒரு சி.டி. கொண்டுவந்தார். அவர் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். வேண்டாமென்று ஒதுக்கிய பாகங்களை ஒட்டுப்போட்டு, சாலையைப் பார்த்த முன்னறையில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தார். சி.டி.யில் இருந்தது நகரம் கட்டி ஆளும் விளையாட்டு. முழு விளையாட்டு இல்லை, டெமோ. "பத்து தபாதான் தொறக்கும். ஒவ்வொரு தபாவும் அரை மணி. சேவ் ஆவாது" என்றார். அரை மணிக்குள் ஐயாயிரம் பேரைக் குடியேற்ற வேண்டும். அதோடு, திரையின் மூலையில் ஒரு எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது என்ன என்று கேட்டேன். "நீதான் மேயரு. ஜனங்க உனக்கு மார்க் போடுறாங்க. எழுவது வாங்கினா பாசு" என்றார்.

மார்க் என்றதும் எனக்குள் ஏதோ ஏறி உட்கார்ந்துகொண்டது. கணக்கில் வாங்க முடியாததை இதில் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதல் முறை தண்ணீர்க் குழாய் போட மறந்தேன். எல்லோரும் ஊரைவிட்டே போனார்கள். இரண்டாம் முறை மின்சாரம் பத்தவில்லை. மூன்றாம் முறை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குப்பை மேட்டை வைத்துவிட்டு, மக்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று புரியாமல் விழித்தேன். ஒவ்வொரு தோல்வியையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதி, அடுத்த நகரத்துக்கு முன்கூட்டியே படம் வரைந்தேன். வீட்டுப்பாட நோட்டு காலியாக இருந்தது, இந்த நோட்டு நிரம்பி வழிந்தது. ஆறாம் முறை ஐயாயிரம் பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் மார்க் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. தெருவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"ரோடு பத்தல. ரெண்டு பக்கமும் ஊட்டை எடுத்துட்டு பெருசா போடு" என்றார் சித்தப்பா.

அங்கேதான் சிக்கல். எந்த நகரம் கட்டினாலும் பெரிய தெருவில் முதல் வீடாக நீலக் கூரை போட்ட ஒன்றை வைப்பேன். அது எங்கள் வீடு. "நம்ம ஊடு கீதே சித்தப்பா, அத்த எப்படி எடுக்குறது?" என்றேன். சித்தப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று முறையும் நீலக் கூரையைக் காப்பாற்றி நகரத்தைத் தோற்றேன்.

அப்பா அதே சாலையில் ஷேர் வேன் ஓட்டினார். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் மாறி மாறிப் போவார். வீட்டுக்குள் நுழையும்போதே, "இதெல்லாம் ஒரு ரோடா? போய் வர்றதுக்குள்ள தாவு தீந்துடுது" என்பார். தினமும் சொல்வதுதான். ஆனால் ஒன்பதாவது முறை தோற்ற அன்று அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. நிஜத்தில் முடியாவிட்டாலும் கம்ப்யூட்டரிலாவது அப்பாவுக்கு ஓர் அகலமான சாலை போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இனி யார் தடுத்தாலும் கேட்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தாவது முறையாகத் திறந்தேன். நோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். வண்டிகள் நிற்க ஆரம்பித்ததும் தெருவின் ஒரு பக்க வீடுகளை வரிசையாக இடித்தேன். நீலக் கூரையிடம் வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் இடித்தேன். துளிப் புகை வந்து அடங்கியது. பெரிய சாலை போட்டதும் வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. மார்க் எண்பத்தொன்று. இங்கிலீஷில் வந்த பாராட்டுக் கடிதத்தைச் சித்தப்பா படித்துச் சொன்னார். கடைசி வரியில் முழு விளையாட்டையும் வாங்கச் சொல்லியிருந்தது. அதோடு திரை மூடிக்கொண்டது.

மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, உனக்குப் பெரிய ரோடு போட்டுட்டேன்." வழியிலிருந்த வீடுகளை இடித்த வீரத்தையும், அதில் ஒன்று நம் வீடு என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அந்த ஊட்டுல இருந்தவங்க எங்கமா போனாங்க?" என்றார்.

"அதெல்லாம் கேம்ல காட்ட மாட்டாங்கப்பா."

அப்பா தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொள்ளவில்லை.

எண்பத்தொன்று வாங்கிய மேயர் குடியிருக்கும் வீட்டுக்கு வெறும் மூன்றரையா? எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா மறுபடி வேனை எடுத்துக்கொண்டு போனதும், அம்மா கண் அசந்த நேரம் பார்த்து, வேன் பம்பருக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த சிவப்பு பெயிண்டை எடுத்தேன். மூன்றை எட்டாக்குவது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய வேலை. சுண்ணாம்புக்கு மேல் தடிமனாக எட்டரை என்று எழுதினேன். அம்புக்குறியையும் விடவில்லை, நன்றாக நீட்டிவிட்டேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அப்பா சுவருக்கு எதிரில் அப்படியே நின்றுவிட்டார். அம்மா வெளியே வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கள் வீடு சாலையிலிருந்து பின்சுவர் வரை மொத்தமே பதினோரு மீட்டர். மூன்றரை போனால் முன்னறையோடு நிற்கும், எட்டரை போனால் சமையலறை மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

"ஏம்மா இப்படிப் பண்ண?" என்று கேட்டார். திட்டவில்லை.

"நம்ம ஊட்டுக்கு மூணரை பத்தாதுப்பா."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து துடைத்தார். புது பெயிண்டோடு சுண்ணாம்பும், அதற்கடியில் இருந்த பழைய எண்ணும் சேர்ந்து வழிந்து, சுவரில் சிவப்புத் திட்டு மட்டும் மிஞ்சியது.

"எண்ணு இல்லாம உட்டா திரும்ப அளக்க வருவாங்கண்ணே. இத்த விட ஜாஸ்தி போட்டாலும் போடுவாங்க" என்றார் சித்தப்பா.

நான் எழுதிவிட்டு ஓரமாகப் போட்டிருந்த தூரிகையை அப்பா எடுத்தார். மூன்று தடவை சுண்ணாம்பு பூசி மறைக்கப் பார்த்த அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதினார். அளக்க வந்தவர்கள் எழுதியதைவிட நேராக, அழகாக இருந்தது. அம்புக்குறியையும் போட்டார். தூரிகையைக் கழுவாமலே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் வண்டி ஓட்டுகிறாரே, அந்தக் களைப்பு என்று நினைத்தேன்.

அன்று அப்பாவைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. கொடுத்த மார்க்குக்கு மேல் அரை மார்க் கூட எடுத்துக்கொள்ளாத மனிதர். அடுத்த கணக்குப் பரீட்சையில் பத்துக்கு மூன்று வாங்கினேன். அதை எட்டாக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. நேராக அவரிடம் போய், "நானும் உன்ன மாதிரி மாத்தலப்பா" என்று பேப்பரை நீட்டினேன். அவர் அந்தச் சிவப்பு மூன்றைப் பார்த்துவிட்டு, முன்னறைச் சுவரில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.