சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள், நான் போனதும் திருப்புளியை எடுப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் சும்மா நின்று பார்ப்பேன். கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் உயிரோடு இருக்கிறதா, கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, எந்த விளக்கு வரை வந்து நின்றுபோகிறது. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. யார் இதைத் தொட்டது என்று மட்டும் கேட்கமாட்டேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் என் காதால் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. 

அப்பாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. டைம் ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒரு பரீட்சை வைத்தார்கள். அப்பா தேறிவிட்டார். தேறியதில் அவரைப்போல வருத்தப்பட்டவர் வேறு யாருமில்லை. பெரிய இரும்பு மேஜை அளவு இருந்த அந்த மிஷினைக் காலையில் எழுப்புவதே ஒரு வேலை. முகப்பில் வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகளை ஒரு குறிப்பிட்ட முறையில் மேலும் கீழுமாகத் தள்ள வேண்டும். பிறகு ஓட்டை போட்ட காகித நாடாவை அதன் வாயில் கொடுக்க வேண்டும். நாடா உள்ளே போகும்போது விளக்குகள் மினுங்கினால் மிஷின் படிக்கிறது என்று அர்த்தம். ஒரு சுவிட்ச் தப்பினால் முதலிலிருந்து.

கல்மண்டபத்தில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அப்பா எழுந்திருக்கமாட்டார். முழங்காலில் இருந்தபடியே அதே மணிகளை உருட்டி, மேலே, மேலே, கீழே, மேலே என்று சுவிட்ச் வரிசையைச் சொல்லிப் பார்ப்பார். மாதா படத்துக்கு முன்னால் மிஷினுக்கு ஜெபம் நடக்கிறது என்று அம்மா முணுமுணுப்பாள். அருள் நிறைந்த மந்திரத்தைவிட அந்த வரிசை எனக்கு நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். யூனியனில் முன்னால் நிற்கிற ஆள். அந்தப் பெட்டி ஓட ஆரம்பித்தால் டைம் ஆபீஸ் முழுக்க வீட்டுக்குப் போகும், அடுத்து லேத் ஓடும் ஷாப்புக்குள் வரும் என்று கேட்டில் நின்று பேசுவார். பேசிவிட்டு வந்து, பெட்டியை ஓட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டு பேரும் அதைப்பற்றி வீட்டில் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் மாமா, குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மச்சான், உன் டப்பா வாய்ல ஒரு கைப்பிடி மண்ண போட்டா இன்னா ஆவும்?"

"எனக்கு வேலை பூடும்," என்றார் அப்பா.

மாமா சிரித்தார். அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலை கேட்டைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவார்கள். அவரவர் மிஷினை அவரவர் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதம் அதில் கிடையாது. மாமாவும் தன் லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முகப்பில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு மேலே நட்டநடுவில், பெரிதாக ஒரு பொட்டு வைப்பார். சர்ச்சில் ஃபாதர் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டாராம். சோறு போடுகிறது, அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியுமா என்று மாமா திருப்பிக் கேட்டதாக அம்மா சொல்வாள்.

கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் கட்டுப்பாடு. மிஷினை விற்ற கம்பெனியின் என்ஜினியர் முதலில் ஒன்றுமே கூடாது என்றிருக்கிறார். பேரம் பேசி, பெட்டியின் நான்கு மூலையிலும் பொட்டு, மேலே ஒரு சாமந்தி மாலை, கற்பூரம் கதவுக்கு வெளியே என்று முடிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஏசி குளிர்.

மேனேஜர் வரும் நேரம் என்று அப்பா வாசலுக்குப் போனார். நான் மிஷினுக்கு எதிரே நின்று சுவிட்சுகளைத் தொடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது மாமா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"இதானா உங்க நைனா மிஷினு?"

ஆமாம் என்றேன். வியாசர்பாடி பாக்சிங்கில் எதிராளியைச் சுற்றிவருகிற மாதிரி மாமா அதை ஒரு சுற்று சுற்றினார். பிறகு முன்னால் வந்து, தொங்கிய மாலையை இடது கையால் விலக்கி, கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, உள்ளே எங்கேயோ அழுத்தினார். மாலையைப் பழையபடி விட்டார்.

"நைனா கைல சொல்லாத கண்ணு. திட்டுவாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தக் கைப்பிடி மண் ஞாபகம் வந்தது.

மேனேஜர், அவர் வீட்டம்மா, என்ஜினியர், இன்னும் சிலர் வந்து நின்றார்கள். பூஜை போட்ட மிஷினை ஓட்டிக் காட்டுவது வழக்கம். அப்பா சுவிட்சுகளைத் தள்ளினார். நான் உதட்டுக்குள் கூடவே சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாடா உள்ளே போயிற்று. விளக்குகள் மினுங்கவில்லை. நாடா மறுபக்கம் வெளியே வந்து தரையில் சுருண்டு விழுந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே.

என்ஜினியர் பின்கதவைத் திறந்தார். கரண்ட் இருந்தது. அப்பாவின் கைக்குட்டையை வாங்கி ஃபியூஸைத் துடைத்துப் போட்டார். கேபிளை அழுத்திப் பார்த்தார். விசிறி சுற்றியது. அந்தக் குளிரில் அப்பாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. மேனேஜர் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"நேத்து சாயங்காலம் ஓடிச்சு. யார் கை வெச்சாங்கன்னு தெரியாம நான் இதை விடப்போறதில்லை."

யூனியன் ஆட்கள் இந்தப் பக்கம் வந்துபோனதாகக் கதவருகே யாரோ சொன்னார்கள். அப்பா திரும்பவில்லை.

நான் சொன்னால் மாமாவைப் போலீசில் பிடித்துக்கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எங்கள் வீட்டில் ஒரு தட்டு குறைந்தது. சுவரோரம் ஒடுங்கினேன். குளிர் என்று நினைத்து மேனேஜர் வீட்டம்மா என்னைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். முந்தானைக்குள்ளிருந்தும் என் கண் அந்தச் சாமந்தி மாலையை விட்டு நகரவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தார்.

அவர் போய் மாலையை விலக்கினார். எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி நின்றார். நாடாவின் மேல் வெளிச்சம் பாய்ச்சும் விளக்குக்கு முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. ஓட்டை வழியாக அந்த வெளிச்சம் இறங்கினால்தான் மிஷினால் படிக்க முடியும். கண்ணாடி முழுக்கச் சந்தனம். கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்தெடுத்தார். சட்டை நுனியின் உள்பக்கத்தால் கண்ணாடியைத் தேய்த்தார். கட்டைவிரலில் மஞ்சளாக அப்பியிருந்தது. கைக்குட்டை என்ஜினியரிடம் இருந்தது. மேனேஜர் நெருங்கிக்கொண்டிருந்தார். அப்பா கையைத் தூக்கி அந்தச் சந்தனத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பினார்.

"தூசி சார். கடல் காத்து, எப்படியோ உள்ள வந்துடுது."

சர்ச்சில் சாம்பல் பூசிவிடும் சாம்பல் புதனைத் தவிர வேறு நாளில் அந்த நெற்றியில் நான் எதையும் பார்த்ததில்லை.

இந்த முறை நாடா போகப் போக விளக்குகள் மினுங்கின. மிஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டர் தானாகத் தட்டத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் அப்பாவின் நெற்றியைப் பார்த்து, நீங்களுமா என்று சந்தோஷப்பட்டார். நம்ம மிஷின் ஆச்சே சார் என்றார் அப்பா.

வெளியே பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அப்பாவின் நெற்றியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தார். அப்பா அவரைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் இருவரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. காரணம் அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்பா கேட்கவேயில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

பல வருஷம் கழித்து, இந்த வேலைக்கான பயிற்சிக் கூடத்தில் ஒரு பழைய நாடா மிஷினை எங்களுக்குப் பிரித்துக் காட்டினார்கள். மாலை மறைக்காத முகப்பை முதன்முறையாகப் பார்த்தேன். நாடா போகிற வாய், அதற்கு மேலே நட்டநடுவில் வட்டக் கண்ணாடி. கெடுக்க நினைத்த கை வாயில் மண் போட்டிருக்கும். மாலையை விலக்கிய கை, மூலையில் வைக்க மனசில்லாமல், தன் லேத்துக்கு வைப்பதுபோல, நெற்றியைத் தேடியிருக்கிறது.

அந்த ஆயுத பூஜை அன்று கேட்டருகே மாமா எனக்குப் பொரி நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா கண்ணு, மாமா கைல சேறா கீது?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிர விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை. நான் பயந்து அப்பாவைத் தேடி ஓடினேன்.