ஜன்னலோரத்து ஐந்தாவது நாற்காலி

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. எழுந்து அம்மாவைக் கூப்பிட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "குரல்நாண்ல சின்ன முடிச்சு மாதிரி வீங்கியிருக்கும்மா. ஆறு வாரம் பேசவே கூடாது. குசுகுசுன்னுகூடக் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்பவும் குறையலைன்னா ஆபரேஷனைப் பத்தி யோசிப்போம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "ஆறு வாரமா? இவளா?"

டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை வாசிக்கிற அன்பான விசுவாசிகளே, என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எப்படிப்பட்டவள் என்று தெரியும். மன்னார்புரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நாள் முழுக்கப் பேச்சு. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சபையின் மாடி அறையில் ஊழியப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அங்கேயும் பேச்சு. வீட்டு ஜெபக்கூட்டம் நடத்த ஆறு விசுவாசிகளைத் தயார்படுத்தும் பொறுப்பைப் பாஸ்டர் ஐயா என்னிடம் கொடுத்திருந்தார். எம்.எஸ்சி. படித்தவள், வேகமானவள், சும்மா உட்காரத் தெரியாதவள். எட்டு மாதத்தில் எல்லாப் பாடத்தையும் அச்சடித்து, வாராவாரம் தாள் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போட்டு, யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று குறித்துவைத்தேன்.

அந்த வார ஞாயிறு மத்தியானம் தொட்டியம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முதல் வீட்டு ஜெபம். ஜெயா அக்காவின் வீட்டில். அக்கா அங்கே வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர். வாழைத்தாரை இலை சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றுகிற கூட்டத்தில் ஒருவர். அந்தத் தெருவில் கிறிஸ்துவை அறிந்த ஒரே வீடு அவருடையது. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களையும் அன்பாக அழைத்திருந்தார். "எங்க சிஸ்டர் பேசுவாங்க, கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சிஸ்டருக்குத்தான் இப்போது குரல் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தை ஜெயா அக்காவே நடத்தியிருக்க வேண்டும். வகுப்பில் அவரும் ஒருவர்தானே. ஆனால் என் நோட்டில் அவருடைய பக்கத்தில், "கவனம் குறைவு. வாசிக்கும் நேரத்தில் எழுந்து போகிறார்" என்று நாலைந்து இடத்தில் எழுதியிருந்தேன். கூட்டம் நடத்துகிறவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை நான்தான் எடுத்தேன். "அடுத்த தடவை பார்க்கலாம் அக்கா" என்று சொன்னபோது, "சரிங்க சிஸ்டர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஜெபித்தேன். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள குரலைக் கொடுங்க ஆண்டவரே." டாக்டர் சொன்னதை மீறிக் குசுகுசுவென்றுதான் ஜெபித்தேன். சத்தமில்லாமல் ஜெபித்துப் பழக்கமே இல்லை. எங்கள் சபையில் ஜெப நேரத்தில் முதலில் கேட்பது என் குரல்தான்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடியில். எதிர்வீட்டு வைதேகி மாமி எனக்காக அதிமதுரக் கஷாயம் எடுத்து வந்தவர், வாசலிலேயே நின்று காதைக் கூர்மையாக்கினார்.

"ஏண்டிம்மா, டாக்டர் வாயைத் தொறக்கப்படாதுன்னார்னா, உள்ளே உக்காந்துண்டு என்ன கிசுகிசுன்னு பேச்சு?"

"ஜெபம் பண்ணுறா மாமி" என்றார் அம்மா.

"பண்ணட்டுமே, யார் வேண்டாங்கறா? எங்க பெருமாள்ட்ட நான் மனசுக்குள்ளேதான் சொல்றேன். கேட்டுக்கறார். உங்க ஸ்வாமிக்கு மட்டும் காது மந்தமா என்ன?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சிவந்தது. மாமி போன பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மனதுக்குள் பேசிப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் சொல்ல வேண்டியது எல்லாம் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா இருந்தேன். அப்போது ஜெயா அக்காவின் முகம் வந்தது. நான் அவர் வீட்டுக் கூட்டத்தையே நினைத்துக்கொண்டிருப்பதால் இருக்கும் என்று தள்ளிவிட்டேன். புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. "அவங்களைப் பத்தி என்ன ஆண்டவரே?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொல்லாமல் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

சனிக்கிழமை ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தாமஸ் அண்ணனை நடத்தச் சொல்லி எழுதிக் காட்டினேன். "அப்பாடா, இன்னைக்காவது நாங்க பேசலாம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் முன்னால் போய் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். முந்தின வாரமே கொடுத்த தாளில் ஆறு வசனங்கள் இருக்கும். கதவோரத்து நாற்காலியிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கொரு வசனமாக வரிசையாகச் சத்தமாய் வாசிக்க வேண்டும். ஜெயா அக்கா எப்போதும் ஐந்தாவது நாற்காலியில், ஜன்னலோரம்தான் உட்காருவார். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், அங்கதான் காத்து வரும்" என்று கெஞ்சி வாங்கிவிடுவார். பஸ்ஸில் கசங்கி வருகிறவர், காற்று தேவைதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

அன்றைக்குத் தாமஸ் அண்ணன் முன்னால் நின்றதால் அவருடைய இரண்டாவது நாற்காலி காலி. முதல் ஆள் வாசித்தார். அடுத்து மூன்றாவது நாற்காலி. அப்போது ஜெயா அக்காவைப் பார்த்தேன். முந்தானைக்குள் விரல்விட்டு எண்ணுகிறார். மறுபடியும் எண்ணுகிறார். முகம் வெளுக்கிறது. நான்காவது நாற்காலிக்காரர் வாசித்து முடிப்பதற்குள், "தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

எட்டு மாதமாக இதே இடத்தில்தான் நான் "கவனம் குறைவு" என்று எழுதியிருக்கிறேன். பேசிக்கொண்டே எழுதினால் எதைத்தான் பார்க்க முடியும்?

பின்னாலேயே போனேன். மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றிருந்தார். சிலேட்டில் எழுதி நீட்டினேன்: "என்னக்கா ஆச்சு? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அக்கா சிலேட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "சரிங்க சிஸ்டர்" என்றார்.

நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

எனக்குக் கண் நிறைந்தது. துப்பட்டாவால் சிலேட்டைத் துடைத்தேன். அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சு போச்சா சிஸ்டர்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் பள்ளிக்கூடம் போனதில்லைங்க. மக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல்லேர்ந்து வருவா. அஞ்சாவது வசனத்தை மட்டும் படிச்சுக் காட்டச் சொல்லுவேன். பாவம், ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள கண்ணு சொருகிடும் அவளுக்கு. அதைக் காதுல வாங்கி, பஸ்ல வர்றப்ப சொல்லிக்கிட்டே வந்துருவேன். யாராச்சும் வரலைன்னாதான் கணக்குத் தப்பிடும். தண்ணி குடிக்கப் போயிருவேன்."

அன்று எனக்குக் குரல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? "இதுல என்னக்கா இருக்கு, முதியோர் கல்வி இருக்கு, ஆப் இருக்கு" என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். குரல் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

நான் பேசாமல் நின்றதால் அக்கா பேச ஆரம்பித்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்தை, மன்னிப்பைப் பற்றியது, அப்படியே ஒப்பித்தார். நான் சொன்ன உதாரணம், அதன் நடுவில் நான் அடித்த மொக்கை ஜோக் எல்லாம் வந்தது. எட்டு மாதத்தில் நான் பேசிய எதுவும் கீழே விழவில்லை. எல்லாம் அந்த ஒரு ஆளிடம் பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர் ஐயா படியேறி வந்தார். நான் அவசரமாக எழுதி அவரிடம் நீட்டினேன். ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்: "ஐயா, நாளை ஜெயா அக்காவே நடத்தட்டும். அவங்க பெயரை எடுத்தது என் தப்பு. அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

வாசித்து முடித்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, நானா? படிக்காதவ எப்படிங்கய்யா?" என்றார் அக்கா.

"படிச்சவங்க ஊமையா நிக்கிறாங்களேம்மா, நான் வேற யாரைத்தான் அனுப்புறது?" என்றார் ஐயா.

மறுநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறித் தொட்டியம் போய், அங்கிருந்து ஊருக்குப் போனோம். அக்கா வீட்டில் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். இப்போது எனக்காக அல்ல.

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க சபையிலதான் மறைச்சு வச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தார். "சத்திரத்துல அத்தனை பஸ் நிக்கும். எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது. கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். இத்தனை வருசத்துல தப்பான பஸ்ல ஏறுனதே இல்ல."

"யாருடி சொன்னா?" என்று பாயிலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுச் செல்லம்மா. "போன தைமாசம் துறையூர்ல போய் இறங்கிட்டு உக்காந்து அழுதது யாரு?"

வீடே சிரித்தது. எனக்குப் பகீரென்றது. அக்கா அசரவில்லை. அவரும் சிரித்துவிட்டு, "அன்னைக்குத்தான்டி கேட்காம ஏறுனேன்!" என்றார்.

சிரிப்பு அடங்கியது.

"அதைத்தான் சொல்ல வந்தேன். ஜெபம்னா அவ்வளவுதான். நமக்குப் போர்டு தெரியாது. அவருக்குத் தெரியும். கேட்டா சொல்லுவாரு. வெக்கப்பட்டுக்கிட்டுக் கேட்காம இருந்தாத்தான் துறையூரு."

ஜெபத்தைப் பற்றி என்னிடம் பதினோரு பக்கப் பாடம் இருக்கிறது. அதில் இது இல்லை. கூட்டம் முடிந்ததும் செல்லம்மா ஜெயா அக்காவிடம் வந்து, "என் மருமக பிரசவத்துக்கு உன் சாமிகிட்டக் கேளுடி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அங்கேயே கண்ணை மூடிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குரல் வேண்டும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. ஆனால் நான் கேட்கத் தெரியாமல் கேட்டதற்குள்ளே இருந்த உண்மையான தேவையை ஆண்டவர் பார்த்தார். அந்தக் கூட்டம் நடந்தது. நான் தள்ளிவைத்த ஒரு பாத்திரத்தை அவரே எடுத்து முன்னால் வைத்தார். ஆறு வாரம் கழித்துப் போனபோது, "வீக்கம் வத்திருச்சும்மா, ஆபரேஷன் வேண்டாம், மெதுவாப் பேசுங்க" என்றார் டாக்டர். ஸ்தோத்திரம்! ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று முதல் போன் ஜெயா அக்காவுக்குத்தான் போட்டேன்.

"அக்கா."

"யாருங்க சார்?"

என் குரல் அப்படி இருந்தது. நான் யாரென்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே அழுகையும் சிரிப்பும். வீட்டில் வைதேகி மாமி, "ரங்கா, இனிமே இந்த மாடியிலே யாருக்கும் நிம்மதி இல்லே" என்று சொல்லிக்கொண்டே கேசரி கொடுத்தார்.

என் நோட்டில் ஜெயா அக்காவின் பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். இப்போது வரிசையாக வாசிக்கும் வழக்கம் இல்லை. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். பாடத்தைத் தாளாகவும் கொடுக்கிறேன், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். இரண்டு பெண்களுக்கு அக்காவே தன் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார். அவர்களில் ஒருவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். அக்கா அவரிடம் எழுத்துப் பழகுகிறார். "ஜெ" போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கொம்பு மட்டும் கொஞ்சம் பெரிது.

அன்பானவர்களே, யாரையாவது விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் என்னைப் போல ஓடாதீர்கள். வகுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, "நான் யாரைப் பார்க்கலை ஆண்டவரே?" என்று கேளுங்கள். பதில் சொல்வார். எனக்குச் சொன்னவர் உங்களுக்கும் சொல்வார்.

போன சனிக்கிழமையும் ஜெயா அக்கா வந்ததும் வராததுமாக, ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாமஸ் அண்ணனை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தார். "இப்பத்தான் வரிசையா வாசிக்கிறதே இல்லையே அக்கா, அப்புறம் ஏன்?" என்று கேட்டேன்.

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க?" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்கதான் காத்து வரும்."