கடகத்தில் ஒரு சிவப்புக் கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஒரு கல்யாணப் பேச்சு, போர்வையால் முறியப் பார்த்தது. ஆமாம்... போர்வைதான்!

தைத்தவள் என் நாத்தனார் மகள் கவிதா. சிப்காட்டில் லேப் வேலை. ஒருநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து யாரோ வெளிநாட்டு ஓவியர் வரைந்த படத்தை பிரிண்ட் எடுத்து வந்தாள். ஆள் இல்லை, மரம் இல்லை. வெறும் கட்டங்கள், நிறங்கள். "இத க்வில்ட்டா தைக்கப் போறேன் அத்தை" என்றாள். துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை அது.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "இது என்னாடி படம்?"

"எதுவும் இல்ல அத்தை. கட்டம், கலர். அவ்ளோதான்."

எதுவுமே இல்லாத ஒன்றுக்கா இத்தனை மெனக்கெடல்? கிராஃப் தாளில் வரைந்தாள், அழித்தாள். துணியை வெட்டித் தரையில் பரப்பினாள். ஓரம் சுற்றி சாம்பல், நீலம், கறுப்பு என்று கட்டங்கள். நடுவே பெரிதாக வெள்ளை. ஒரே ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பை அங்கே வைப்பாள், இங்கே வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள். கடைசியில் அது வலது ஓரத்தில், மேல் மூலைக்கு அடுத்த கட்டத்தில் உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. ஏன் அழகு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

கவிதாவுக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் அதைச் சொல்லியே தட்டிப்போய், நாத்தனார் அழாத நாளில்லை. சிதம்பரத்துப் பையன் ஒருவனுக்கும் அதே தோஷம் என்பதால் ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வந்தார்கள். ஹால் கட்டிலில் புதுப் போர்வையை விரித்திருந்தோம் — பெண்ணின் கைவேலை தெரியட்டுமே!

உட்காரப் போன பையனின் அம்மா, அப்படியே நின்றுவிட்டார். குனிந்து, விரலால் கட்டங்களை எண்ணினார்.

"கடகத்துல செவ்வாய்... நீசமாச்சே! நீங்க குடுத்த ஜாதகத்துல வேற எடத்துலல்ல இருந்துச்சு?"

நானும் எண்ணிப் பார்த்தேன். சுற்றிப் பன்னிரண்டு கட்டம், நடுவே காலி... அட, ராசிக் கட்டமேதான்! சிவப்புதான் செவ்வாய்! இத்தனை நாள் கண்ணெதிரே கிடந்தும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே? அந்த அம்மாவோ, நாங்கள் பொய் ஜாதகம் கொடுத்துவிட்டதாகவே முடிவுகட்டிவிட்டார். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"லக்னம் எங்க இருக்குது?" என்று விடாமல் கேட்டார் அந்த அம்மா.

"லக்னம்லாம் இல்லீங்க. அது போர்வைங்க" என்றாள் கவிதா.

அந்த அம்மா போர்வையைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கக் குறிஞ்சிப்பாடிக் கைலி! ஜாதகத்தை யாராவது கைலியில் எழுதுவார்களா? அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பையன் மட்டும் சிரிக்கவில்லை. போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். "செவப்ப ஏங்க ஓரத்துல வச்சீங்க?"

'இது என்ன' என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். 'ஏன் அங்கே' என்று ஒருவரும் கேட்டதில்லை. கவிதா நிமிர்ந்தாள்.

"நடுவுல வச்சா கண்ணு அங்கயே நின்னுடும். ஓரத்துல இருந்தாத்தான் கண்ணு மொத்தத்தையும் சுத்தி வரும்."

"ஒண்ணே ஒண்ணு தனியா நிக்கிதே... பாவமா இல்ல?"

கவிதா காது வரைக்கும் சிவந்துவிட்டாள். அந்த அம்மா மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப எதுத்தாப்புல இன்னொரு செவப்பு வச்சுடும்மா. மகரத்துல. அங்கதான் செவ்வாய்க்கு உச்சம்."

கவிதா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தாள். டிசைன் சரியா என்று அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அங்க வச்சா கரெக்டா பேலன்ஸ் ஆவுதுங்க!"

பத்துப் பொருத்தம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒரே இடத்தைச் சரி என்றார்களே... அது பதினொன்றாவது!