ஈயச்சொம்பும் ரயில் தண்டவாளமும்

பேரனின் பொம்மை ரயில் தண்டவாளம் இணைப்பில் விட்டுப்போனது. செல்போன் ரிப்பேர் கடையில் பற்றவைக்கக் கொடுத்தேன். உருகிய ஈய வாசனை மூக்கில் ஏறியதும் அம்மா முகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில், நான் சிறுவனாக இருந்தபோது, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் எஞ்சின் ஒன்றைச் சித்தப்பா வாங்கித் தந்தார். தண்டவாளம் கிடையாது. மண்ணெண்ணெய் டின்னைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்துக்கொண்டு, திண்டுக்கல் கடைத்தெருவில் தகரவேலை செய்த காதர் பாயிடம் போய் நின்றேன்.

"ஈயம் கொண்டா அப்பு, பத்தவச்சுத் தாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை இரும்புச்சட்டிக்குள் வைத்து அடுப்பில் ஏற்றினாள். கண்முன்னே சொம்பு உருகிப்போனது.

"ஆறினதும் கொண்டு போ. தண்ணி ஊத்த மறந்து வெறுஞ்சொம்ப அடுப்புல வச்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்."

ரயில் ஓடியது. அப்பா, பார்த்தவர்களிடமெல்லாம் சொம்பு உருகின கதையைச் சொன்னார்.

சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அம்மாதான் ரசம் வைப்பாள். அடுத்த கல்யாணத்தில் அவள் அடுப்பங்கரைக்குப் போனபோது பெரியம்மா மறித்தார்.

"நீ வேணாம்டி. அண்டாவையும் உருக்கிப்புடுவ."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ரசம் வைக்க அவளை யாரும் கூப்பிடவில்லை.

அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் கூடினால் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.